வேலை செங்கல்பட்டில், காப்புரிமை யாருக்கு? பன்னாட்டு நிறுவனங்கள் ஆய்வுப் பணியைப் பிரிக்கும் விதம்

முட்டுக்காடு என்றதும் படகு சவாரிதான் ஞாபகத்துக்கு வரும். அதே ஊரில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் (சிபா) ஆய்வு நிலையமும் இருக்கிறது. கொடுவா மீனை வளர்ப்புச் சூழலிலேயே இனப்பெருக்கம் செய்யவைக்கும் முறையை இந்தியாவில் முதன்முதலாக 1997-ல் சாதித்தது சிபாதான். எதை ஆராய்வது என்று முடிவெடுத்தது இங்கே. பணம் நம் வரிப்பணம். பலன் நம் பண்ணைகளுக்கு.

அங்கிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. பிரான்ஸின் ரெனால்ட்டும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து நடத்தும் தொழில்நுட்ப மையம் இங்கே உள்ளது. இதுவும் ஆய்வுதான், இதையும் செய்வது நம்ம ஊர் இன்ஜினீயர்கள்தான். ஆனால், கேள்வியை யார் கேட்கிறார்கள், விடை யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு விஷயங்களில் கணக்கு மாறுகிறது.

ஏன் இந்தியாவுக்கு வருகிறார்கள்?

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் பெங்களூரில் தொடங்கிய மையம்தான் இந்த வரிசையில் முன்னோடி. நாஸ்காம்-ஜின்னோவ் 2024 அறிக்கைப்படி, இப்படிப்பட்ட ‘ஜிசிசி’ மையங்கள் இந்தியாவில் 1,700-க்கும் மேல். அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். குறைந்த செலவு முதல் காரணம். அந்த ஒரு காரணம் மட்டும் இருந்திருந்தால், சம்பளம் ஏற ஏற மையங்கள் வேறு நாட்டுக்குக் கிளம்பியிருக்கும். திறமையான ஆட்கள் ஒரே இடத்தில் கிடைப்பதும், இந்தியச் சந்தையைக் கிட்டத்தில் இருந்து பார்க்க முடிவதும் அவர்களை இங்கே நிறுத்திவைக்கின்றன.

வேலை எப்படிப் பிரிகிறது?

பெரும்பாலும் மூன்று படிகள்:

- மாற்றியமைத்தல்: வெளிநாட்டில் உருவான பொருளை நம்ம ஊர் சாலை, வெயில், எரிபொருளுக்கு ஏற்ப மாற்றுவது.
- துண்டு வேலை: உலகம் முழுக்க விற்கப்போகும் பொருளின் ஒரு பாகத்தை மட்டும் வரைவது, கணினியில் சோதிப்பது, மென்பொருள் எழுதுவது. முழுப்படம் தலைமையகத்தில் இருக்கும்.
- முழுப் பொறுப்பு: ஒரு பொருளை முதல் கோட்டிலிருந்து சந்தை வரை ஒரே மையத்திடம் ஒப்படைப்பது.

மூன்றாவது படிக்கு ஏறுவது சுலபமல்ல. கொடுத்த வேலையைச் சரியாக முடித்து நம்பிக்கை சம்பாதிக்க வேண்டும், நிறுவனத்துக்கு உள்ளேயே மற்ற நாட்டு மையங்களோடு போட்டி போட வேண்டும், தலைமையகத்தில் பரிந்து பேச ஆள் வேண்டும்.

க்விட் சொல்லும் கதை

ரெனால்ட் க்விட் இதற்கு நல்ல உதாரணம். லோகன் கார் திட்டத்தை வழிநடத்திய ஜெரார் தெதூர்பே, சென்னையிலேயே தங்கி இந்தத் திட்டத்தை நடத்தினார். ஐரோப்பியக் காரின் விலையைக் குறைத்து இங்கே விற்காமல், இந்திய விலைக்குள் அடங்கும் காரைப் புதிதாக யோசிப்பதுதான் திட்டம். உதிரிபாகங்களில் 98% உள்நாட்டிலேயே வாங்கப்பட்டவை என்றது நிறுவனம். 2015 செப்டம்பரில் ரூ.2.57 லட்சம் தொடக்க விலையில் க்விட் வந்தது. தயாரிப்பு ஒரகடத்தில்.

அதோடு நிற்கவில்லை. 2017-ல் பிரேசிலிலும் க்விட் அறிமுகமானது. இந்தக் குடும்பத்திலிருந்து பிறந்த மின்சார கார்தான் 2021-ல் ஐரோப்பாவுக்குப் போன டாச்சியா ஸ்பிரிங். அது தயாரானது சீனாவில். இங்கே வேர்விட்ட ஒரு காரை எந்த நாட்டில் தயாரிப்பது, எங்கே விற்பது என்பதெல்லாம் தலைமையகத்தின் முடிவுகள்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கும்?

இந்திய மையம் தாய் நிறுவனத்துக்குச் ‘சேவை’ செய்கிறது என்பதுதான் வழக்கமான ஒப்பந்த வடிவம். செலவு ரூ.100 என்றால், அதோடு லாபம் சேர்த்து, உதாரணத்துக்கு ரூ.115 வரும். பொருள் உலகெங்கும் சக்கைப்போடு போட்டாலும் அதே 115 தான், ஊத்திக்கிட்டாலும் அதே 115 தான். நஷ்டம் தாய் நிறுவனத்துக்கு என்பதால், லாபமும் காப்புரிமையும் அங்கேயே போய்விடும்.

இதற்கு வரித்துறை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2013 ஜூனில் வெளியிட்ட 6-ம் எண் சுற்றறிக்கைப்படி, ஒரு இந்திய மையம் ரிஸ்க் குறைந்த ‘ஒப்பந்த ஆய்வு மையம்’ என்று கருதப்பட சில நிபந்தனைகள் உண்டு. யோசனை, வடிவமைப்பு, வழிகாட்டல் போன்ற முக்கியப் பணிகள் வெளிநாட்டு நிறுவனத்திடம் இருக்க வேண்டும். பணமும் மேற்பார்வையும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். முடிவின் மீது இந்திய மையத்துக்கு உரிமை இருக்கக் கூடாது. காகிதத்தில் எழுதியிருப்பது மட்டும் போதாது, நடைமுறையும் அப்படியே இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். இங்குள்ள குழுவே யோசித்து வடிவமைத்தது என்று தெரியவந்தால், ‘அப்படியானால் லாபத்திலும் கூடுதல் பங்கு இந்தியாவுக்கு வர வேண்டுமே’ என்று வரித்துறை கேட்கலாம். அதனால், இங்கே நடக்கும் வேலையை ‘சொன்னதைச் செய்தோம்’ என்று அடக்கி எழுதுவதுதான் நிறுவனங்களுக்கு லாபம். இன்ஜினீயரின் ரெஸ்யூமில் ‘நான் வடிவமைத்தேன்’ என்றிருக்கும் அதே வேலை, ஒப்பந்தக் கோப்பில் வெறும் ‘சேவை’ ஆகிவிடலாம்.

சரி, இதனால உங்களுக்கு என்ன?

காப்புரிமை ஆவணத்தில் கண்டுபிடிப்பாளராக உங்கள் பெயர் வரலாம், உரிமையாளர் இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஊழியர் கண்டுபிடிப்புக்கு நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்று ஜெர்மனியில் 1957 முதல் தனிச்சட்டம் உள்ளது. நம் 1970 காப்புரிமைச் சட்டத்தில் அப்படித் தனிப்பிரிவு கிடையாது. உங்கள் வேலை ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ, பெரும்பாலும் அதுதான்.

எனவே, ஆர் அண்டு டி வேலை என்று ஆஃபர் வந்தால், சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்:

- இந்த மையம் முழுப் பொறுப்பில் முடித்த பொருள் ஏதாவது உண்டா?
- எதை ஆராய்வது என்று முடிவெடுப்பவர் இங்கே உட்கார்ந்திருக்கிறாரா, வெளிநாட்டிலா?
- காப்புரிமையில் பெயர் வருமா, அதற்கு ஊக்கத்தொகை உண்டா?
- வேலையை விட்ட பிறகு, இங்கே கற்றதை எந்த அளவு பயன்படுத்தலாம்?

முதல் இரண்டு கேள்விக்கும் பதில் மழுப்பலாக இருந்தால், நீங்கள் சேரப்போவது இரண்டாவது படியில் என்று எடுத்துக்கொள்ளலாம். அது மோசமான வேலை என்று அர்த்தமில்லை. ஆனால், சேர்வதற்கு முன்பே அது தெரிந்திருப்பது நல்லது.