பெயரை மாற்றியும் விடாமல் துரத்திய படங்கள்! முகத்தைக் காட்டி எதிர்த்து நின்றார் அமெரிக்கப் பெண்

பெயரை மாற்றிப் பார்த்தார். வேலையை விட்டுப் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், ஒளிந்தது போதும் என்று முடிவு கட்டி வெளியே வந்தார். இன்றைக்கு அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஒரு சட்டம் இருக்கிறது என்றால், அதில் அந்தப் பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் பெயர் ஹோலி ஜேக்கப்ஸ். புளோரிடா மாநிலத்தில் உளவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர். வெளியூரில் இருந்த காதலருக்கு நம்பி அனுப்பிய அந்தரங்கப் படங்கள், காதல் முறிந்த பிறகு இன்டர்நெட்டில் வந்துவிட்டன. சும்மா வரவில்லை. பெயரும் அடையாளமும் சேர்த்தே வந்தன. ஒரு இடத்தில் நீக்கினால் இன்னொரு இடத்தில் முளைத்தது.

போலீஸ் கைவிரித்தது

ஹோலி போலீசுக்கு ஓடினார். 18 வயது தாண்டியவர், படத்தை அனுப்பியவரும் அவரே, ஆகவே இதில் குற்றம் எதுவும் இல்லை என்று கைவிரித்து விட்டார்கள். "அனுப்புனது உன் தப்புதானே?" - இதுதான் ஊர் உலகம் கேட்கிற கேள்வி. போலீசும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னது.

கோர்ட்டு மூலம் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார். 2012-ல் முகத்தைக் காட்டாமல் ஒரு பிரசாரத்தைத் தொடங்கினார். 2013-ல் முகத்தையும் காட்டினார். அதே ஆண்டு 'சைபர் சிவில் ரைட்ஸ் இனிஷியேட்டிவ்' என்ற லாப நோக்கம் இல்லாத அமைப்பு பிறந்தது. பாதிக்கப்பட்டவர்கள் போன் செய்து யோசனை கேட்க இலவச உதவி ஏற்பாடும் வந்தது.

தாயார் துப்பறிந்தார்

படத்தை யாருக்கும் அனுப்பாதவர்களும் தப்பவில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லட் லாஸ் என்ற பெண்மணியின் மகள், தானே எடுத்த படத்தைத் தன் ஈ-மெயிலில் பத்திரமாக வைத்திருந்தார். 2012 ஜனவரியில் அதைத் திருடி, ஹண்டர் மூர் என்பவன் நடத்திய ஆபாச தளத்தில் போட்டுவிட்டார்கள்.

தாயார் அழுதுகொண்டு உட்காரவில்லை. அந்தத் தளத்தில் படம் வந்திருந்த 40-க்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். பலருடைய கணக்குகள் இதே மாதிரி உடைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. விவரங்களைத் திரட்டி எப்.பி.ஐ.யிடம் கொடுத்தார். கொலை மிரட்டல் வந்தது. அசரவில்லை. 2014-ல் மூர் கைதானான். 2015 டிசம்பரில் இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விழுந்தது. சார்லட்டும் ஹோலியின் அமைப்போடு கைகோர்த்தார்.

கடைச் சாவி யாருக்கு?

சட்டம் எழுதும் வேலையை எடுத்துக்கொண்டவர் மேரி ஆன் பிராங்க்ஸ். அப்போது மியாமி பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியை. டேனியல் சிட்ரன் என்ற இன்னொரு சட்டப் பேராசிரியையும் தோள் கொடுத்தார்.

அவர்கள் வாதம் எளிது. ஒருவருக்குக் கொடுத்த சம்மதம் ஊருக்கே கொடுத்த சம்மதம் ஆகாது. கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்தால் கடையைத் திறக்கத்தான். கடையை விற்பதற்கு அல்ல.

'பழிவாங்கும் ஆபாசம்' என்று இந்தக் குற்றத்தைச் சொல்வதையும் அவர்கள் ஏற்கவில்லை. பழிவாங்க அந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள்? காசுக்காகவும் வேடிக்கைக்காகவும் செய்கிறவர்களும் உண்டு. "துன்புறுத்தும் நோக்கம் இருந்தது என்று நிரூபி" என்று சட்டம் கேட்டால், இவர்கள் எல்லாம் தப்பிவிடுவார்கள் என்று பிராங்க்ஸ் எச்சரித்தார்.

ஓட்டைச் சட்டம்

2013-க்கு முன் விரல்விட்டு எண்ணக்கூடிய மாநிலங்களில்தான் இதற்குச் சட்டம் இருந்தது. நியூஜெர்சியில் 2004-லேயே வந்துவிட்டது. கலிபோர்னியா 2013-ல் கொண்டுவந்தது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை! பெண் தானே எடுத்த படம் என்றால் அந்தச் சட்டம் செல்லாது. மறு ஆண்டுதான் ஓட்டை அடைக்கப்பட்டது. ஹோலியின் புளோரிடாவில் 2015-ல் சட்டம் வந்தது. கடைசியாக 2025 மே மாதம் தெற்கு கரோலினாவும் சேர்ந்தது.

அதே மாதம் 19-ந் தேதி நாடு முழுவதற்குமான சட்டத்தில் ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்டார். கம்ப்யூட்டரால் உருவாக்கிய போலிப் படங்களும் இதில் குற்றம். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் படத்தை நீக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்ய கம்பெனிகளுக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது.

இவ்வளவு பாடுபட்ட அமைப்பு இதைக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பாதிதான் வரவேற்றது. தண்டனை சரி. ஆனால் 48 மணி நேர விதியை வைத்து, பிடிக்காத பதிவுகளை எல்லாம் பொய்ப் புகார் கொடுத்து நீக்க வைப்பார்கள் என்று ஆட்சேபம் தெரிவித்தது.

முதலில் செய்ய வேண்டியது

இந்த மாதிரி படம் வந்துவிட்டால் பதறிப்போய் உடனே அழித்துவிடக் கூடாது என்பது பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவோர் சொல்லும் யோசனை. படம் வந்த பக்கம், முகவரி, தேதி, மிரட்டல் செய்தி எல்லாவற்றையும் முதலில் சேமித்து வைக்க வேண்டும். சாட்சியம் அதுதான். அதன் பிறகு நீக்கச் சொல்லிப் புகார். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

தனியாக அலைந்தபோது ஹோலிக்கு அந்தத் துணைதான் கிடைக்கவில்லை.