கார்புரேட்டர் மேல் பழி போடும் முன்

சேலத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பா விட்டுப்போன பிரீமியர் பத்மினி, 1980-களின் வண்டி. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்புகிறது. அரை மணி நேரம் ஓடியதும் இழுவை குறைகிறது, இரண்டு மூன்று முறை திணறுகிறது, நின்றுவிடுகிறது. ஓரங்கட்டி இருபது நிமிடம் காத்திருந்தால் எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுகிறது. பட்டறையில் "கார்புரேட்டர் போச்சு சார்" என்று சொல்லி, பழைய சாமான் கடையிலிருந்து வேறொன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். இப்போதும் அதே அரை மணி நேரம், அதே திணறல். "இனி மூவாயிரத்துக்கு மேல் என்னால் போட முடியாது. காயலான் கடைக்குத் தள்ளிவிடவா?" என்று கேட்டு முடிக்கிறார்.

தள்ள வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே நோய் பாதி பிடிபட்டுவிட்டது. கார்புரேட்டரை மாற்றியும் கோளாறு துளிகூட மாறவில்லை என்றால், கார்புரேட்டருக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. செலவு செய்து தெரிந்துகொண்ட உண்மை என்பதால் அதை வீணாக்காமல் அங்கிருந்தே தொடங்கலாம்.

பத்மினியின் இன்ஜின் 1089 சிசி, நான்கு சிலிண்டர். ஃபியட் 1100 காரின் இன்ஜின்தான் அது. மும்பையில் டாக்சியாக இரவு பகல் ஓடி, 2023 அக்டோபர் முடிவில்தான் அங்கே ஓய்வு பெற்றது. அந்த இன்ஜினுக்குள் கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. கண்ணால் பார்க்க முடியாத கோளாறு அதில் அநேகமாக வராது. அம்பாசடருக்கும், 2000-ஐ ஒட்டி இன்ஜெக்ஷனுக்கு மாறும் வரை வந்த மாருதி 800-க்கும் இது ஏறக்குறையப் பொருந்தும். இப்படிப்பட்ட வண்டியில் காசு கரைவது உதிரிபாகத்தால் அல்ல, ஊகத்தால். "இதை மாத்திப் பார்ப்போம், அதை மாத்திப் பார்ப்போம்" என்று தொடங்கினால் மூவாயிரம் இரண்டு நாளில் போய்விடும். பார்த்துவிட்டு மாற்றினால் மூவாயிரம் தாராளம்.

சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது மூன்று இடங்களை. மூன்றையும் காசில்லாமல் சோதிக்கலாம். ஆனால் வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே, சாலையோரத்திலேயே சோதித்தாக வேண்டும். ஆறிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே அது நன்றாகத்தான் ஓடும். மெக்கானிக்கும் கைக்குக் கிடைத்ததைத்தான் கழற்றுவார்.

நின்றவுடன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி கிளம்பிவிட்டால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாமல் டேங்க் பம்ப்புக்கு எதிராக இழுத்துப் பிடிக்கிறது. துளையைச் சுத்தம் செய்தால் முடிந்தது.

அடுத்தது பெட்ரோல். கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் நடுவிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கித் தனியே எர்த் செய்துவிட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டு பலமாகப் பீய்ச்சினால் பம்ப் நலம். நுரையும் காற்றுமாக வந்தால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகியிருக்கிறது. மெக்கானிக்குகள் ஏர்லாக் என்பது இதைத்தான். ஏற்காடு மலையேறும் பழைய வண்டிகளில் ஏசி பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றியிருப்பார்களே, அது இதற்குத்தான். சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோலைத் திறக்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். ஒருவர் தீயணைப்பானோடு நிற்கட்டும், பீடி சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது.

மூன்றாவது தீப்பொறி. பாட்டிலை மூடித் தூர வைத்து, ஹோஸை மாட்டி, சிந்தியது உலர்ந்த பிறகு இதற்கு வாருங்கள். காயில் ஒயரின் நுனியில் ஒரு ஸ்பார்க் பிளக்கை மாட்டி, அதன் உடல் இன்ஜின் இரும்பைத் தொடும்படி படுக்கவையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது நீல நிறத்தில் "பட் பட்" என்று சத்தமாக அடித்தால் நல்ல பொறி. மஞ்சளாக, மெல்லியதாக, வந்தும் வராமலும் இருந்தால் சேலத்து அன்பரே, உங்கள் ஆளைப் பிடித்துவிட்டோம். என் ஊகம் இந்த மூன்றாவதுதான். அதிலும் பெருவிரல் அளவு இருக்கும் ஒரு தகரக் குப்பியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அதன் பெயர் கன்டென்சர்.

அந்தக் குப்பியைப் பற்றி எழுத எனக்கு எப்போதுமே ஆசை. பெரிய பெரிய பாகங்களுக்கு நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருக்கும் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒட்டி விலகும் தொடுமுனைகளான பாயிண்ட்டை மாற்றும்போது இதையும் சேர்த்து மாற்றுவார்கள். ஏன் மாற்றுகிறோம் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது.

பாயிண்ட் இரண்டும் ஒட்டும்போது பொறி வருகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். விலகும்போதுதான் வருகிறது. ஒட்டியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் காயிலின் முதல் சுற்றில் மூன்று நான்கு ஆம்பியர் மின்சாரத்தை ஓட்டி, ஒரு காந்தப் புலத்தை எழுப்பி வைக்கிறது. பாயிண்ட் விலகிய கணத்தில் மின்சாரம் அறுபட, அந்தப் புலம் சரிந்து விழுகிறது. அந்தச் சரிவின் வேகத்தில்தான் இரண்டாம் சுற்றில் 20,000 வோல்ட்டும் அதற்கு மேலும் பிறக்கிறது. எங்கள் பழைய வீட்டில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் "டொம்" என்று ஓர் அடி விழும். மெல்ல மூடினால் ஒன்றும் கேட்காது. தொட்டியின் உயரம் மாறவில்லை, தண்ணீரின் அளவும் மாறவில்லை. ஓடிக்கொண்டிருந்ததை எவ்வளவு திடீரென்று நிறுத்தினோம் என்பதுதான் அந்த அடியின் பலம். காயிலிலும் அதேதான் நடக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பாயிண்ட் விலகத் தொடங்கும்போது இடைவெளி மயிரிழை அளவுதான். ஓடிப் பழகிய மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்து, ஒரு சுடராக எரிந்துகொண்டே தொடர்ந்து ஓடும். திடீரென்று நிற்க வேண்டியது இழுத்துக்கொண்டே நிற்கும். பொறி செத்துவிடும், பாயிண்ட் முகமும் கருகிவிடும். அந்தக் கணத்தில் மின்சாரத்துக்கு ஒதுங்க ஓர் இடம் கொடுப்பதுதான் கன்டென்சரின் வேலை. பாயிண்ட் தாண்டிக் குதிக்க முடியாத தூரம் விலகும் வரை தனக்குள் வாங்கிக்கொள்கிறது. அதன் கொள்ளளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட்தான். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 பொறி. விநாடிக்கு நூறு முறை இதை வாங்கிக் கொடுத்து வாங்கிக் கொடுத்து, மூச்சுவிடாமல் வேலை செய்கிறது அந்தக் குப்பி. சார்ல்ஸ் கெட்டரிங் வகுத்த இந்த முறை 1910 மாடல் கெடிலாக் காரில் வந்தது. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த பத்மினியிலும் அடிப்படை மாறவில்லை.

அந்தப் பழைய மாதிரிக் குப்பிக்குள் இருப்பது உலோகத் தகடும் காகிதமும் சேர்த்துச் சுருட்டிய ஒரு சுருள். வாய்ப்பக்க அடைப்பு தளர்ந்தால் ஈரம் புகும். காகிதம் பலவீனமாகும். குளிர்ந்திருக்கும்போது தாங்கும். இன்ஜின் சூடு ஏறியதும் உள்ளே கசியத் தொடங்கும், பொறி மெலியும், வண்டி நிற்கும். ஆறினால் மறுபடி சரியாகிவிடும். சேலத்துப் பத்மினி சொல்லும் கதை இதுதான். பெட்ரோல் வராத வண்டி எப்படித் திணறுமோ அப்படியே திணறுவதால்தான் பழி கார்புரேட்டர் மேல் விழுகிறது.

உறுதி செய்ய ஒரு சுருக்கு வழி உண்டு. கன்டென்சர் அதன் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வண்டி சூடாகி நின்றதும் பழையதின் ஒயரைக் கழற்றிவிட்டு, நல்லதாகத் தெரிந்த இன்னொன்றின் ஒயரைக் காயிலில் பாயிண்ட்டுக்குப் போகும் முனையில் கொடுத்து, குப்பியின் உடலை இன்ஜின் இரும்பில் இறுகக் கட்டுங்கள். வண்டி கிளம்பி நிற்காமல் ஓடினால் தீர்ப்பு வந்துவிட்டது. அப்படியும் பொறி மெலிந்தே இருந்தால் அடுத்த சந்தேகம் காயில். அதையும் ஒரு நண்பர் வண்டியிலிருந்து கடன் வாங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள். பாயிண்ட் முகங்களையும் பாருங்கள். ஒன்றில் குழியும் எதிரில் மேடுமாக உலோகம் இடம் மாறியிருந்தால், கன்டென்சரின் கொள்ளளவு காயிலுக்குப் பொருந்தவில்லை. பலர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அதே மேடு அதே இடத்தில் வளர்ந்து நிற்கும்.

வாங்கும்போது கவனம் வேண்டும். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் பத்மினிச் சாமான் இன்னும் கிடைக்கிறது. பெட்டி பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக மலிவான போலிக் கன்டென்சரை எடுக்காதீர்கள். புதிதாகப் போட்டதே முதல் நாளில் செத்துப்போவதுண்டு. புதிதுதானே என்று அதை யாரும் சந்தேகிக்காததால் அடுத்த சுற்றுச் செலவு தொடங்கிவிடும். உங்களிடம் இருக்கும் பழையது நன்றாக ஓடினால் அதைத் தூக்கி எறியாமல் வண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

இனி டியூனிங். டேப்பட், பாயிண்ட் இடைவெளி, டைமிங், கடைசியில் கார்புரேட்டர் என்ற வரிசையை மாற்றக் கூடாது. பத்மினியில் பாயிண்ட் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை மாற்றினால் டைமிங்கும் நகரும். பாயிண்ட்டைப் பார்க்காமல் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி ஓட்டத்தைச் சமாளிப்பது கோளாறை மூடிவைப்பதுதான். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

கார்புரேட்டர் பட்ட பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது எனக்கு உண்மையிலேயே வலிக்கும் விஷயம். ஜெட் அடைத்துக்கொண்டால் ஊசியையோ கம்பியையோ விட்டுக் குத்துவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. ஜெட்டில் 120 என்று அடித்திருந்தால் துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர் என்று பொருள். பித்தளை மென்மையானது. கம்பி அதை 1.30 ஆக்கிவிட்டால் துளையின் பரப்பு 17 சதவீதம் கூடிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, மைலேஜில் தெரியும். அதன்பின் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் அந்த வண்டி தேறாது. பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்ப்பால் ஊதினால் போதும். எஸ்.யு. கார்புரேட்டர் உள்ள அம்பாசடர்காரர்கள் அதன் தலைமூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி தடுமாறுகிறது என்று வரும் பல வண்டிகளில் அது வற்றிக் கிடக்கும்.

இவ்வளவும் செய்தபின் கையில் இருக்கும் மிச்சப் பணத்தை எதில் போடுவது? பதினைந்து ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகிவிட்ட காலத்தில் இந்தக் கேள்வி சின்னதல்ல. என் பதில் ரப்பர் ஹோஸ். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது 2030-க்கு என்று வைத்திருந்த இலக்கு, 2025-க்கு முன்னுக்கு இழுக்கப்பட்டது. கரும்பு விவசாயிக்கு நல்லதாக இருக்கலாம், இறக்குமதிச் செலவும் குறையலாம். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவருக்கு எத்தனால் கலக்காத சாதாரண பெட்ரோல் ஒன்றையும் பங்கில் விட்டுவைத்திருக்க வேண்டும். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து வெடிக்க வைக்கும். ஏசி பம்ப்பின் டயாஃப்ரத்தையும் அப்படியே கெடுக்கும். ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் டேங்கின் அடியில் பிரிந்து தங்கும், துரு கிளம்பும், அது கார்புரேட்டரின் நீடில் வால்வில் போய் உட்காரும். வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

டேங்கிலிருந்து பம்ப் வரை, பம்ப்பிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்கி, புது கிளாம்ப் போட்டு மாற்றிவிடுங்கள். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டுக்கு அருகில் போகும் துண்டை முதலில் மாற்றுங்கள். மாற்றிய பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரமோ வாடையோ இருந்தால், கன்டென்சர் தீர்ப்பு வரும் வரைகூடக் காத்திருக்காமல் அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.