முடிவு வரும் வரையில்

கரமனையில் நம்மவர் குடியேறிய வரலாறு பழையது. திருவிதாங்கூர் சமஸ்தானத்து உத்தியோகத்தையும் கோயில் ஊழியத்தையும் வியாபாரத்தையும் நாடி நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்தவர்கள் ஆற்றங்கரையை அடுத்துத் தெருக்களை அமைத்துக்கொண்டார்கள். அத்தெருக்களில் இன்று பல வீடுகளில் முதியோரே எஞ்சியிருக்கின்றனர். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலுமாகச் சிதறிவிட்டனர். இத்தகைய வீடொன்றில், சாதாரணமாகச் செய்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகி வந்துவிட்டால் அன்றோடு உறக்கம் போயிற்று. "ஒன்றுமிராது, எதற்கும் ஆர்.சி.சி.யில் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்கின்றார் குடும்ப வைத்தியர். "ஒன்றுமிராது" என்ற சொல் அவர் வாசலோடு நின்றுவிடுகின்றது, "ஆர்.சி.சி." மட்டும் வீடு வரை வருகின்றது.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-ல் தோன்றியது. அதன் வளாகத்தில் 1981-ல் தனி நிறுவனமாக அமைந்ததே மண்டலப் புற்றுநோய் மையம், டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர் அதன் முதல் இயக்குநர். கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் எக்ஸ்ரே உறையும் மாற்றுத் துணியுமாகத் தம்பானூரில் வந்து இறங்குகின்றன. மலையாளத்தில் இந்நோய்க்கு 'அர்புதம்' என்று பெயர். நம் செவியில் அது 'அற்புதம்' என்றே விழும். புதிதாக வரும் தமிழர் அச்சொல்லைக் கேட்டு ஒரு கணம் விழிப்பது இயல்பே.

ரத்த எண்ணிக்கை பிசகுவது ஒரு குறிப்பேயன்றித் தீர்ப்பன்று. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம். காய்ச்சலும், ஆறாத புண்ணும், இளைப்புக்கு உண்ட ஸ்டீராய்டு மாத்திரையுங்கூட அதனை உயர்த்திவிடும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் ரத்தத்தட்டுகளைக் குறைக்கும்; திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. கழுத்தில் நெறி கட்டினால் அது காசநோயாகவும் இருக்கலாம்.

நம் வீடுகளுக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. சைவ உணவு கொள்வோருக்குப் பி12 என்னும் வைட்டமின் பெரும்பாலும் பால், தயிரிலிருந்தே கிடைக்கவேண்டும். முதுமையில் வயிறு அதைச் சரிவர ஏற்பதில்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் பல்லாண்டு உண்போருக்கும் அது குறைவதுண்டு. குறைந்தால் சிவப்பணுக்கள் பெருத்து, எண்ணிக்கையில் இறங்கும். சிலருக்கு மூவகை அணுக்களும் சேர்ந்தே இறங்கும். எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தாலும் தேர்ந்த கண்களையே மயக்கக்கூடிய தோற்றம் அது. ஆயினும் அதற்கு மருந்து சில ஊசிகளே!

பி12-ன் உடன்பிறப்பாகிய ஃபோலிக் அமிலத்தின் கதை இன்னும் விசித்திரமானது. கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய 1928-ல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், ஈஸ்ட் சத்தினால் அது நீங்குவதைக் கண்டார். அச்சத்தில் இருந்த பொருளே ஃபோலிக் அமிலம் எனப் பின்னர் விளங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் தம் குழுவினருடன் அதனைச் செயற்கையாக ஆக்கினார். அதற்கு எதிராக வேலை செய்யும் பொருள்களையும் ஆக்கினார். அவற்றுள் ஒன்றைப் பாஸ்டன் நகரத்து சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கொண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்த செய்தி 1948-ல் வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே சுப்பாராவ் காலமானார். இன்று நல்ல சிகிச்சை கிட்டும் இடங்களில் குழந்தைகளுக்கு வரும் அவ்வகை நோயில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமடைகின்றனர்.

இனி, காத்திருப்புக்கு வருவோம். "ஏன் இத்தனை நாள்? பணம் பிடுங்குவதற்கா?" என்று கேட்போர் உண்டு. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பரப்பிச் சாயமிட்டுப் பார்ப்பது விரைவில் முடியும். ஐயம் தீராவிடில் இடுப்பெலும்பின் பின்புறத்தில், மரத்துப்போக ஊசி போட்டு, மஜ்ஜையைச் சிறிது உறிஞ்சி எடுப்பார்கள். உறிஞ்சும் அந்த ஒரு கணம் வலிக்கத்தான் செய்யும். கூடவே எலும்பின் சிறு துணுக்கும் எடுக்கப்படும். அத்துணுக்கிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய ஏடுகளாகச் சீவியபின்னரே நுண்ணோக்கியில் வைக்க இயலும். குரோமோசோம் பரிசோதனைக்கோ அணுக்களை வளர்த்து, அவை பிரியும் தருணத்தில் தடுத்து நிறுத்தி, ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். ஆகவே ஒரு பரிசோதனை நாளையும் மற்றொன்று இரண்டு மூன்று வாரங் கழித்தும் முடிவு தருவது இயற்கையே. உடனே தாக்கும் வகை என்று தோன்றினால் வைத்தியர் பெரும்பாலும் அன்றே படுக்கையில் சேர்த்துவிடுவார். "இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்பது பல சமயம் அலட்சியமன்று. அவசரமில்லை என்பதற்கு அடையாளமாம்.

இந்த நாட்களில் வீட்டில் நடப்பவற்றுள் எனக்கு மிகவும் அச்சமூட்டுவது நோயன்று, வைத்தியமே. அடுத்த வீட்டார் பப்பாளி இலைச்சாற்றைக் கொண்டுவருகின்றனர். மைத்துனர் ஒரு பொடியை அனுப்புகின்றார். மருந்துக்கடைக்காரர் ஸ்டீராய்டு மாத்திரை நான்கு தருகின்றார். சிலவகை ரத்தப் புற்றுநோய்களை ஸ்டீராய்டு சில நாட்களுக்கு ஒடுக்கிவிடும். பரிசோதனைக்குச் செல்லும்போது நோய் ஒளிந்துகொண்டிருக்கும். பெயரறியாப் பொடிகளிலும் அம்மருந்து கலந்திருக்கக்கூடும். பி12 ஊசியைக்கூட ரத்தம் எடுப்பதற்கு முன் தாமாகப் போட்டுக்கொண்டால் காரணம் மறைந்துபோகும். உண்டுவிட்டிருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். 100.4 பாகைக்கு மேல் காய்ச்சல், நில்லாத ரத்தக்கசிவு, மூச்சுத்திணறல் இவற்றுள் ஒன்று கண்டாலும் குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்வது அவசியம்.

நோயாளியிடம் சொல்வதா, மறைப்பதா என்பது அடுத்த சங்கடம். சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசுவது நம் குலவழக்கம். அப்பாவுக்குத் தெரியாது என்று அம்மா நினைக்கின்றாள்; அவரோ சாய்வுநாற்காலியில் கண்மூடிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருக்கின்றார். மறைப்பதால் அவருக்கு மிச்சமாவது தனிமையே என்பது என் கருத்து. "இன்னது என்று இன்னும் தெரியவில்லை, இன்ன தேதியில் தெரியும்" என்ற இரு வாக்கியங்களை யாரும் யாரிடமும் சொல்லலாம். தூரத்துப் பிள்ளைகளுக்கும் அதுவே போதும். அவர்கள் இரவெல்லாம் கைப்பேசியில் படித்துவிட்டு ஆளுக்கொரு நோயின் பெயரோடு விடியுமுன் அழைப்பதைத் தவிர்க்க, காகிதங்கள் யாவும் ஒருவர் கையில் இருப்பதும், அவர் ஒருவரே நாளொன்றுக்கு ஒருமுறை சேதி சொல்வதும் நல்ல ஏற்பாடு. மற்ற நேரத்தில் கோயிலுக்குப் போகிறவர் கோயிலுக்கும், காய்கறி வாங்குகிறவர் சந்தைக்கும் போகட்டும்.

முடிவு வரும் நாளில் துணைக்கு ஒருவர் உடன் செல்லவேண்டும். கலங்கிய காதில் பாதி விழாது. நோய் என்றால் அதன் முழுப் பெயரை எழுதித் தரும்படி கேட்க வேண்டும். ரத்தப் புற்றுநோய் என்பது ஒரு நோயன்று, பல நோய்களின் பொதுப்பெயர். முதியோருக்கு வரும் மெதுவான வகையொன்றில் ஆண்டுக்கணக்கில் மருந்தின்றிக் கவனித்து வருவதே முறையாக இருக்கின்றது. மற்றொரு வகைக்கு 2001-ல் வந்த இமாட்டினிப் மாத்திரை நோயின் போக்கையே மாற்றிவிட்டது; 2013-ல் நமது உச்சநீதிமன்றம் அதற்குக் காப்புரிமை மறுத்ததால் மலிவான விலையில் இங்கே தொடர்ந்து கிடைக்கின்றது. எந்தப் பரிசோதனையின் முடிவு இன்னும் வரவேண்டியிருக்கின்றது என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் அடையாற்றிலோ வேலூரிலோ இன்னொரு கருத்துக் கேட்க விரும்பினால், கண்ணாடித் துண்டுகளையும் மெழுகுக் கட்டியையும் எழுதிக் கொடுத்துப் பெற்றுச் செல்ல வழியுண்டு. மீண்டும் இடுப்பெலும்பில் ஊசி குத்தவேண்டிய அவசியம் பல சமயம் அதனால் நீங்கும்.