உஷார்! "கர்த்தர் சொன்னார்" என்று வரும் போன்

இரவு பத்தரை மணி. செல்போன் அடிக்கிறது.

"சிஸ்டர், ஜெபத்துல உங்க கை வளையல் ரெண்டும் தரிசனமா வந்துச்சு. மக கல்யாணம் தடைபட்டு நிக்கறதுக்கு அதுதான் காரணம்னு கர்த்தர் பேசினார். காலையில கொண்டுவந்து காணிக்கையா வெச்சிடுங்க. வீட்டுக்காரர்கிட்ட இப்போ சொல்ல வேண்டாம். அவர் இன்னும் விசுவாசத்துல வளரல."

மறுநாள் காலையில் வளையலைக் கழற்றிக் கொடுத்தவர் என் சித்தி. வீட்டுக்குத் தெரியவந்தது மூன்று மாதம் கழித்து. சித்தி விவரம் தெரியாதவர் அல்ல. பல வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர். வசனம் தெரிந்தவரே விழுந்தார் என்பதால்தான் பதறிப்போய் இதை எழுதுகிறேன்.

மகள் கல்யாணம் தடைபட்டது அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? இரண்டு வாரம் முன்பு ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் சித்தியே அதை ஜெப விண்ணப்பமாகப் போட்டிருந்தார். அவர் கொட்டிய கண்ணீர்தான் தரிசனமாகத் திரும்பி வந்தது.

இந்தத் தந்திரம் புதிதல்ல. 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவமனிதனுக்கு, அந்த ஊரில் எதுவும் சாப்பிடக்கூடாது, குடிக்கக்கூடாது என்பது கட்டளை. ராஜாவே வெகுமதி தருகிறேன் என்று கூப்பிட்டும் அவன் அசையவில்லை. பிறகு ஒரு கிழத் தீர்க்கதரிசி வந்து, தேவதூதன் சொல்லித்தான் உன்னை அழைக்கிறேன் என்று பொய் சொன்னான். அதை நம்பிப் போய்ச் சாப்பிட்டான். திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. ராஜாவின் பணத்தால் முடியாததைக் கடவுள் பெயரில் வந்த ஒரு பொய் முடித்துவிட்டது. பக்தி உள்ளவரை வீழ்த்த பக்தியைத்தான் கண்ணியாக வைப்பார்கள்.

வளையலோடு போயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். 2023 ஏப்ரலில் கென்யாவின் ஷகஹோலா காட்டில் குழிகளைத் தோண்டத் தொடங்கினார்கள். 400-க்கும் மேற்பட்ட உடல்கள் வெளியே வந்தன. குழந்தைகளும் அதில் உண்டு. இயேசுவைச் சந்திக்கப் பட்டினி கிடந்து சாகச் சொன்னதாக பால் மெக்கன்சி என்ற போதகர் மீது வழக்கு. எடுத்த எடுப்பில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. முதலில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்ற போதனை, பிறகு ஆஸ்பத்திரி வேண்டாம், பிறகு ஊரை விட்டுக் காட்டுக்குள் குடியேற்றம். கடைசியில்தான் சோறு நின்றது.

அதனால் முதல் படியிலேயே அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

ரகசியம் கேட்பார்கள். "யாருக்கும் சொல்லாதே" என்று தொடங்கினாலே உஷார். கணவனுக்கும் பெற்றோருக்கும் மறைக்க வேண்டிய காணிக்கை எந்த நல்ல மேய்ப்பனுக்கும் தேவையில்லை.

அவசரப்படுத்துவார்கள். இன்றே கொடு, இல்லையென்றால் ஆசீர்வாதம் கைநழுவும் என்பார்கள். யோசிக்க ஒரு ராத்திரி கிடைத்தால் நீங்கள் தெளிந்துவிடுவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அன்பைப் பணயம் வைப்பார்கள். தெலீலாள் சிம்சோனிடம் செய்தது இதுதான். என்மேல் அன்பிருந்தால் ரகசியத்தைச் சொல் என்று நாள்தோறும் நச்சரித்தே அவனைக் களைக்கவைத்தாள். "என்மேல நம்பிக்கை இல்லையா பிரதர்?" என்ற கேள்வி அவள் வாயிலிருந்து வந்ததுதான்.

உறவை அறுப்பார்கள். சொந்தக்காரர், பழைய சபை, கேள்வி கேட்கும் நண்பன் எல்லாரும் "உலகத்தார்" ஆகிவிடுவார்கள். 1978 நவம்பர் 18-இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில், ஒரு போதகரை நம்பிக் குடியேறிய 900-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கே குடியேறியவர்களின் பாஸ்போர்ட்டுகளை முன்பே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். போக நினைத்தவர்களுக்கும் வழி இல்லை.

கேள்வி கேட்டால் சாபம் என்பார்கள். அபிஷேகம் பெற்றவரை எதிர்த்துப் பேசாதே என்று 105-ஆம் சங்கீதத்தைக் காட்டுவார்கள். அந்த இடத்தில் பேசப்படுவது, ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபை ராஜாக்கள் ஒடுக்காதபடி கடவுள் காத்ததைப் பற்றி. தாவீதும் அபிஷேகம் பெற்றவன்தான். நாத்தான் வந்து முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னபோது அவன் சாபமிடவில்லை, தலைகுனிந்தான்.

வசனத்தைக் காட்டிவிட்டார் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். வனாந்தரத்தில் சாத்தானும் சங்கீதத்தைத்தான் எடுத்துக்காட்டினான். இயேசு வேறொரு வசனத்தால் அவன் வாயை அடைத்தார். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பவுல் கோபித்துக்கொண்டதாக எங்கும் இல்லை. லூக்கா அவர்களைப் பாராட்டியே எழுதுகிறார். உண்மையாக உழைக்கும் போதகர்கள் எத்தனையோ பேர் உண்டு. கேட்டுப் பாருங்கள், உட்காரவைத்துப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். சோதித்துப் பார்க்க விடாதவரை மட்டும் சந்தேகப்படுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை சில. எந்தத் "தரிசனத்துக்கும்" அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். வீட்டுக் கஷ்டத்தைப் பெரிய குழுக்களில் விவரமாக எழுதாதீர்கள். யார் சொன்னாலும் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். மிரட்டினால் 112, பெண்கள் உதவிக்கு 181, ஆன்லைனில் பணம் போயிருந்தால் 1930. பயத்தில் தூக்கமே போய்விட்டதா? 14416-இல் மனநல ஆலோசகர் கேட்பார். உதவி கேட்பது விசுவாசக் குறைவு இல்லை. ஏமாந்தவர் வீட்டில் இருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள்; வெட்கம்தான் அவரைத் திரும்ப அந்த ஆளிடமே அனுப்பும்.

சித்தி இப்போதும் ஜெபிக்கிறார். ஆனால் ஒன்றை நினைத்து இன்றும் அழுகிறார். அந்தப் போன் வந்த இரவு, சித்தப்பா பக்கத்து அறையில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உங்களுக்கு அப்படி ஒரு போன் வந்தால், முதலில் பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள்.