எழுதியதைக் காக்கும் இரு விசைகள்

மின்வெட்டு என்றால் என்னவென்று மொனராகலைத் தோட்டப்புற இல்லங்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை யார் மறப்பர்?

விளக்கு அணைந்தால் மீண்டும் ஏற்றலாம். மேசைக் கணினி அணைந்தாலோ, சேமியாத எழுத்து மீள்வது அரிது. காரணம் யாது? நாம் தட்டும் எழுத்துகள் முதலில் தற்காலிக நினைவகத்திலேயே தங்குகின்றன. மின்னோட்டம் நின்றதும் அது வெறுமையாகிவிடும். வட்டில் கோப்பாகப் பதிந்ததே நிலைக்கும்.

ஆதலால் நிரல் எழுதுவோர் சில வரிகளுக்கொரு முறை 'கன்ட்ரோல்' விசையுடன் 'எஸ்' விசையையும் அழுத்துவர். 1976இல் பில் ஜோய் ஆக்கிய 'வீஐ' தொகுப்பியில் முறை வேறு: 'எஸ்கேப்' விசையைத் தட்டி, முக்காற்புள்ளியும் 'டபிள்யூ' எழுத்தும் இட்டு, 'என்டர்' அழுத்தவேண்டும். அங்கே பழக்கத்தால் 'கன்ட்ரோல் எஸ்' அழுத்தினால் திரை அசையாது நின்றுவிடுவதுண்டு. அஞ்சற்க! பழங்காலத் தொலைதட்டச்சுக் கருவிக்கு 'நில்' என்னும் ஆணை அது. 'கன்ட்ரோல் கியூ' அழுத்தினால் திரை மீண்டும் இயங்கும்.

1991இல் பிராம் மூலெனார் வெளியிட்ட 'விம்' தொகுப்பியோ, 200 எழுத்துகள் தட்டியதும், அல்லது விரல்கள் 4 விநாடி ஓய்ந்ததும், தானே காப்புப் பிரதி எழுதிக்கொள்கிறது. எனினும் எல்லாத் தொகுப்பிகளும் அவ்வாறு செய்வதில்லை.

பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயில விழையும் மாணவ மணிகளே! கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே: சிந்தித்ததை எழுதுக, எழுதியதை உடனே சேமித்திடுக.