சம்பளமா, தரகுக் கூலியா? ஆட்குறைப்பு வாசலில் எடுக்கவேண்டிய தீர்மானம்

 



அண்மைக் காலத்தில் ஜும்ஆத் தொழுகையின் பின்னர் இளைஞர்கள் பலர் ஒரே விதமான வினாவைத் தொடுக்கின்றனர். “கம்பனியில் ஆட்குறைப்புச் செய்யப்போகிறார்கள். மாதச் சம்பளம் இனி இல்லையாம். விற்றுக் கொடுத்தால் விற்றதற்கு நூற்றுக்கு இவ்வளவு என்று கொமிஷன் தருவார்களாம். விரும்பினால் இருக்கலாம், இல்லையேல் போகலாம் என்கிறார்கள். மௌலவி, இது ஹலாலா?” என்பதே அவ்வினாவாகும்.

இதனுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. ஒன்று, இது ஆகுமானதா என்பது. மற்றது, இது எனக்கும் என் குடும்பத்துக்கும் நலமானதா என்பது. முதலாவதற்கு மார்க்கச் சட்டம் விடை தருகின்றது. இரண்டாவதற்குப் பேனாவும் தாளும் எடுத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். ஹலால் என்று கேட்டவுடன் கணக்குப் பாராமலே கையொப்பமிட்டுவிடுவதுதான் பலரைச் சிரமத்தில் தள்ளுகின்றது.

நமது துறைமுகப் பிரதேசத்துக்குத் தொழில் இழப்பு புதியதன்று. 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தபோது, அத்தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பல வருமானத்தை இழந்தன. பின்னர் 1980 இல் சீனக்குடாவில் பிரிமா மாவு ஆலை இயங்கத் தொடங்கியது. 1982 இல் டோக்கியோ சீமெந்துக் கம்பனி உருவானது. இத்தகைய ஆலைகளாலும் துறைமுகத்தாலும் அரச திணைக்களங்களாலும் மாதச் சம்பளம் என்பது நம் வீடுகளில் வேரூன்றியது. அதே வேளையில், கிண்ணியா, மூதூர்க் கடற்கரைகளில் கரைவலை இழுக்கும் சகோதரர்கள் ஒருநாளும் மாதச் சம்பளம் பெற்றவர்கள் அல்லர். மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் வெறுங்கை. ஆகவே பங்குக்கு உழைப்பது நமக்கு அந்நியமானதோ இழிவானதோ அன்று. ஆனால் அதன் விதிகள் வேறு.

மார்க்கச் சட்டம் கூறுவது என்ன?

ஃபிக்ஹு நூல்கள் உழைப்புக்கான ஒப்பந்தங்களைப் பிரித்துப் பேசுகின்றன. இஜாரா என்பது கூலி ஒப்பந்தம். இதில் வேலையும் காலமும் கூலியும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஊழியர் தம் நேரத்தை ஒப்படைத்துவிட்டால், அன்று சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் கூலி அவருக்குக் கடமையாகிவிடும். ஜுஆலா என்பது ஒரு காரியத்தை முடித்துத் தருபவருக்கு இன்ன வெகுமதி என்று வாக்களிப்பது. யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அரசரின் அளவைப் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என அறிவிக்கப்பட்டதை இதற்கு ஆதாரமாக அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர். தரகர் பெறும் கூலியை ஆகுமானது எனக் கண்ட தாபிஈன்களின் பெயர்களை இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் தமது தொகுப்பில் குறித்துள்ளார்கள். எனவே தரகுக் கூலி, விற்கப்படும் பொருள் ஹலாலாகவும் கூலியின் அளவு தெளிவாகவும் இருக்குமாயின், ஆகுமானதே.

எனினும் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜுஆலாவில், வேலையைத் தொடங்கியவர் முடிக்காமல் தாமாக விலகிக்கொண்டால் அவருக்கு எதுவும் கிடையாது. மாறாக, வாக்களித்தவரே இடைநடுவில் ஒப்பந்தத்தை முறித்தால், அதுவரை செய்யப்பட்ட வேலைக்கு நியாயமான கூலியை அவர் கொடுத்தாக வேண்டும். ஆறு மாதம் அலைந்து ஒரு வாடிக்கையாளரைச் சம்மதிக்க வைத்து, விற்பனை கைகூடும் தறுவாயில் “நாளையிலிருந்து வரவேண்டாம்” என்று சொல்லப்பட்டால் அந்தக் கொமிஷன் யாருக்கு என்ற வினாவை நமது இமாம்கள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே சிந்தித்துவிட்டார்கள். நீங்களும் கையொப்பமிடுவதற்கு முன்னர் அதைக் கேட்க வேண்டும்.

கையொப்பத்தின் பெறுமதி

நாட்டின் சட்டம் தரும் உரிமையை அறியாமல் விட்டுக்கொடுப்பது தவக்குல் ஆகாது. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க, ஊழியர்களின் தொழிலை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். முந்திய பன்னிரண்டு மாதங்களில் 180 நாட்களேனும் சேவையாற்றிய ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இன்றி நிறுத்துவதானால் இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, அவருடைய எழுத்துமூலச் சம்மதம். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல முன்னனுமதி.

சகோதரர்களே, இதன் பொருளைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். உங்கள் கையொப்பம் ஆணையாளர் நாயகத்தின் அனுமதிக்கு நிகரான எடையுடையது. “இது வெறும் சம்பிரதாயம், இராஜினாமாக் கடிதத்தில் ஒப்பமிட்டுவிட்டு நாளை முதல் கொமிஷனில் சேர்ந்துகொள்ளுங்கள்” என்று கூறப்படுமாயின், அங்கே கைமாறுவது சம்பிரதாயம் அன்று. உங்கள் இழப்பீட்டு உரிமை.

அந்த உரிமை எவ்வளவு? ஆணையாளர் நாயகம் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் சூத்திரம் 2005 இல் வர்த்தமானியில் வெளியிடப்பட்டது. அதன்படி முதல் ஐந்து வருடங்களுக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளமும், ஆறாம் வருடம் முதல் பதினான்காம் வருடம் வரை வருடமொன்றுக்கு இரண்டு மாதச் சம்பளமும் கணிக்கப்படும். அதற்கு மேல் வீதம் படிப்படியாகக் குறையும். உச்ச வரம்பு 2021 இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.

உதாரணமாக, 60,000 ரூபா சம்பளத்தில் எட்டு வருடம் பணியாற்றிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து வருடத்துக்குப் பன்னிரண்டரை மாதம். அடுத்த மூன்று வருடத்துக்கு ஆறு மாதம். ஆகப் பதினெட்டரை மாதச் சம்பளம், அதாவது 11,10,000 ரூபா. இது தவிர, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் பூர்த்தியானவருக்கு வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. அது 2,40,000 ரூபா. பணிக்கொடை தாமாக விலகினாலும் கிடைக்கும். இழப்பீடோ, தாமாக இராஜினாமாச் செய்தவருக்குக் கிடையாது. ஒரு கையொப்பம் பதினொரு இலட்சத்தை அழித்துவிடக்கூடும் என்பதை இப்போது உணர்ந்திருப்பீர்கள்.

பதினைந்து பேருக்குக் குறைவான கடைகளில் வேலை செய்வோருக்கு 1971 ஆம் ஆண்டின் சட்டம் பொருந்தாது. ஆயினும் ஊழியர் சேமலாப நிதி ஒரேயோர் ஊழியர் இருந்தாலும் கட்டாயமானது. கொமிஷன் அடிப்படையில் பணிபுரியும் ஊழியரும் அதற்கு உரித்துடையவரே. ஆகவே புதிய கடிதத்தில் உங்களை “ஊழியர்” என்று எழுதியுள்ளார்களா, “சுயாதீன முகவர்” என்று எழுதியுள்ளார்களா என்று பாருங்கள். முகவர் என்று எழுதப்பட்டால் சேமலாப நிதி, விடுமுறை, சட்டம் விதித்துள்ள குறைந்தபட்சச் சம்பளம் ஆகிய அனைத்தையும் கோரிப் பெறுவது கடினமாகிவிடும்.

கணக்கைச் சரியாகப் பார்ப்போம்

“சம்பளம் 60,000, கொமிஷனில் 70,000 உழைக்கலாம் என்கிறார்கள். பத்தாயிரம் இலாபம்தானே” என்று சில இளைஞர்கள் எண்ணுகின்றனர். இது முழுமையான கணக்கு அன்று.

60,000 ரூபா சம்பளத்துக்கு முதலாளி சேமலாப நிதிக்கு 12 வீதம், அதாவது 7,200 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதாவது 1,800 ரூபாவும் மேலதிகமாகச் செலுத்துகிறார். பணிக்கொடையாக மாதந்தோறும் சேரும் பெறுமதி 2,500 ரூபா. ஆக உங்கள் உண்மையான ஊதியம் 71,500 ரூபா. முகவராக மாறினால் மோட்டார் சைக்கிளுக்கான எரிபொருள், தொலைபேசி, பகலுணவு எல்லாம் உங்கள் பையிலிருந்து செல்லும். மாதம் 12,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், பழைய நிலையில் நிற்பதற்கே 83,500 ரூபா தேவை. கொமிஷன் 5 வீதமாயின், மாதந்தோறும் 16,70,000 ரூபாவுக்கு நீங்கள் விற்றாக வேண்டும்.

இத்துடன் நம் ஊரின் பருவகாலத்தையும் சேருங்கள். வாடைக்காற்றும் மாரி மழையும் வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரை நிலாவெளி, உப்புவெளி விடுதிகள் வெறிச்சோடும், கடல் கொந்தளிக்கும், கடைகளில் வியாபாரம் மந்தமாகும். அந்த மூன்று மாதங்களில் வருமானம் பாதியாகக் குறையுமாயின், ஏனைய ஒன்பது மாதங்களிலும் ஏறத்தாழ 95,500 ரூபா உழைத்தால்தான் வருடக் கணக்கு நேராகும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பாற்செலவும் மாரிக்காலத்தில் பாதியாகக் குறைவதில்லை.

2019 இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின் சுற்றுலாத்துறை முடங்கியதையும், 2020 இல் ஊரடங்கு விதிக்கப்பட்டதையும், 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. சம்பளம் பெறுபவருக்கு அத்தகைய நாட்களில் கேட்பதற்கு ஒரு கணக்காவது இருந்தது. விற்றால்தான் கூலி என்றிருந்தவருக்கு அதுவும் இருக்கவில்லை.

யார் நட்டத்தைச் சுமக்கிறார்?

நிறுவனம் ஏன் ஆட்களைக் குறைக்கிறது என்று கேளுங்கள். சரக்கு விற்கவில்லை என்பது காரணமானால், விற்காத அதே சரக்கைத்தான் உங்களிடம் கொமிஷனுக்குத் தருகிறார்கள். சந்தையின் நட்டம் முதலாளியின் தோளிலிருந்து உங்கள் தோளுக்கு இறக்கி வைக்கப்படுகிறது. முழாரபா எனும் கூட்டு வியாபாரத்தில், உழைப்பவர் தம் உழைப்பைப் பணயம் வைக்கிறார் என்பதற்காக இலாபத்தில் அவருக்குப் பங்கு உண்டு. மூலதன நட்டத்தை முதல் போட்டவர் ஏற்கிறார். ஆபத்தில் பங்கு கேட்பவர் இலாபத்திலும் தக்க பங்கு தர வேண்டும் என்பதே நீதி. மாறாக, செலவைக் குறைப்பதுதான் நோக்கம், பொருளுக்குச் சந்தை உண்டு, உங்களுக்கும் நம்பிக்கையான வாடிக்கையாளர்கள் உள்ளனர் என்றால், திறமைசாலிக்கு இது சம்பளத்தைவிட மேலான வாசலாகவும் அமையலாம்.

ஆகவே இருப்பது இரண்டு வழி மட்டுமே என்று எண்ணாதீர்கள். சிறிய அடிப்படைச் சம்பளமும் அதற்கு மேல் கொமிஷனும் கேட்கலாம். மூன்று மாதப் பரீட்சார்த்த காலம் கேட்கலாம். முறைப்படி இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு விலகி, பின்னர் அதே நிறுவனத்திலோ வேறிடத்திலோ புதிய ஒப்பந்தத்தில் கொமிஷனுக்கு உழைக்கலாம். எதுவாயினும் வீதம் எவ்வளவு, கொமிஷன் கடமையாவது சரக்கு விற்றபோதா காசு வசூலானபோதா, சரக்குத் திரும்பி வந்தால் என்ன, எந்தத் திகதியில் கொடுப்பனவு, இடையில் நிறுத்தினால் நிலுவை யாருக்கு என்ற ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும். கடனை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. முதலாளியிடம் எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. ஐயமிருந்தால் ஒப்பமிடும் முன்னரே தொழில் திணைக்களத்தின் காரியாலயத்துக்குச் சென்று கேளுங்கள்.

எச்சரிக்கைகள் மூன்று

ஒன்று, கொமிஷன் நாவைச் சோதிக்கும். மாத முடிவில் இலக்கு எட்டாதபோது சரக்கின் குறையை மறைக்கத் தோன்றும். மறைத்து விற்ற கூலியில் பரக்கத் இராது. இரண்டு, கொமிஷன் வேலைக்கென வட்டியுடனான லீசிங்கில் வாகனம் எடுத்து, இன்னும் உழைக்காத பணத்தை இப்போதே கடனாக்கிக்கொள்ளாதீர்கள். முற்பணம் வாங்கிய மீனவர், பிடித்த மீனை அம்முதலாளி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டிய நிலை நாம் அறிந்ததே. மூன்று, முதலில் பணம் கட்டிச் சேர வேண்டும், பிறகு ஆட்களைச் சேர்த்தால் கொமிஷன் என்பது தரகு அன்று. அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டம் அதைத் தடைசெய்துள்ளது. மார்க்கமும் பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதைத் தடுத்துள்ளது.

பெற்றோர்களே! “மாதச் சம்பளம் இல்லாத பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்” என்று வீட்டில் அச்சமூட்டாதீர்கள். அவ்வச்சமே பிள்ளையை, கிடைத்த காகிதத்தில் ஒப்பமிட வைக்கிறது. அவனோடு அமர்ந்து வீட்டின் மாதச் செலவை எழுதுங்கள். ஆறு மாதங்களுக்காவது போதுமான சேமிப்பு உண்டா என்று பாருங்கள். மனைவி இருந்தால் அவரையும் அந்த ஆலோசனையில் சேருங்கள். அடுப்பங்கரைக் கணக்கு அவரிடமே உள்ளது. மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது, அதன் பின்னரே பேனாவை எடுக்கச் சொல்லுங்கள்.

முதலாளிமாரே! கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பது பற்றிய நபிவழியை அறியாதவர் நம்மில் இல்லை. வியாபாரம் வீழ்ந்தால் ஆட்குறைப்புத் தவிர்க்க முடியாததாகலாம். ஆனால் அறியாதவனின் கையொப்பத்தால் உங்கள் பாரத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். அவன் உரிமை என்னவென்று நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள்.

ரிஸ்க் அல்லாஹ்விடமே உள்ளது. அதைத் தேடும் முறை நம் பொறுப்பில் விடப்பட்டுள்ளது. வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களின் உழைப்பில் பரக்கத் செய்வானாக! தெளிந்த அறிவோடு தீர்மானிக்கும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.