வகைக்கு ஓர் ஓவியம்: கணினி இசைப்பேழையில் இஸ்லாமியத் தமிழ்

நூலுக்கு அட்டை எவ்வாறோ, பாடலுக்கு முகப்போவியம் அவ்வாறு. உள்ளே இருப்பது இன்னதெனக் கண்ணுக்கு முதலில் அறிவிப்பது அதுவே. இந்நாளில் ஆயிரக்கணக்கான பாடல்களைக் கணினியில் சேமித்து வைக்கின்றோம். அவற்றை வகைப்படுத்தி, வகைதோறும் ஓர் ஓவியம் அமைப்பது வெறும் அலங்காரமாகத் தோன்றலாம். ஆயின், இஸ்லாமியத் தமிழ்ப் பாடல்களைப் பேண விழையும் நமக்கு அதில் பெரும்பயன் ஒன்று உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓவியம் வந்த வழி

தொடக்கக் கால இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெற்றுத் தாளுறையிலேயே விற்கப்பட்டன. அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940ஆம் ஆண்டளவில் உறையின்மேல் ஓவியம் தீட்டும் வழக்கைத் தொடங்கி வைத்தார். பின்னர் ஒலிநாடாக்கள் வந்தன. நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015) அவர்களின் ஒலிநாடாக்களை அறியாத இல்லம் நம்மிடையே அரிது. பிறை, பச்சைக் குவிமாடம், மினாரா ஆகியவற்றை உறையில் கண்டதும், எழுத்தறியா மூதாட்டியரும் வேண்டிய நாடாவை எடுத்துத் தந்தனர்.

வகைப்பெயரின் குறை

1996இல் எம்பி3 கோப்புகளுக்கென 'ஐடி3' என்னும் குறிப்புமுறை உருவாயிற்று. கோப்பின் இறுதியில் 128 பைட்டுகள் அதற்கென ஒதுக்கப்பட்டன. அவற்றுள் வகையைக் குறிக்கக் கிடைத்தது ஒரே ஒரு பைட்டு. ஆதலின் வகையின் பெயரை எழுத இயலாது. 80 வகைகள் கொண்ட பட்டியலிலிருந்து ஓர் எண்ணை மட்டுமே இடலாம். அப்பட்டியலில் ராக், ஜாஸ் இருந்தன. கிறித்தவ 'காஸ்பெல்' பாடலும் இருந்தது. கர்நாடக இசைக்கோ முனாஜாத்துக்கோ இடமில்லை. அவை 'பிற' என்னும் மூலையிலேயே ஒதுங்க வேண்டியிருந்தது.

நம்மிடம் வகைகளுக்குப் பஞ்சமா? கதை கூறும் கிஸ்ஸா, வினாவிடையாக அமையும் மசலா, இறைவனிடம் இறைஞ்சும் முனாஜாத்து, போர்க்களம் பாடும் படைப்போர், நாமா எனப் பல உள. தக்கலை பீர்முகம்மது அப்பா, குணங்குடி மஸ்தான் சாகிபு ஆகியோரின் ஞானப்பாடல்கள் தனியொரு வகை. 1998இல் வந்த ஐடி3யின் இரண்டாம் பதிப்பு, வகைப்பெயரை எழுத்தால் எழுதவும் ஓவியத்தைக் கோப்பினுள் பதிக்கவும் வழி செய்தது. தமிழிலேயே பெயரிடுவதும் இன்று எளிதாயிற்று.

அமைக்கும் முறை

முதற்கண், ஒவ்வொரு பாடலின் வகைக் கட்டத்திலும் பெயரை ஒரே எழுத்தமைப்பில் இடுதல் வேண்டும். 'முனாஜாத்து' என ஓரிடத்தும் 'முனாஜாத்' என மற்றோரிடத்தும் எழுதினால், கணினி அவற்றை இரு வகைகளாகவே கொள்ளும்.

அடுத்தது ஓவியம். 2008இல் வெளிவந்த ஐடியூன்ஸ் எட்டாம் பதிப்பு, வகைகளைப் படங்களாகக் காட்டியது. அறிந்த பெயருக்கு அதற்குரிய படத்தையும், அறியாப் பெயருக்குப் பொதுப்படத்தையும் அது இட்டது. நுட்பம் அறிந்தோர் மென்பொருளின் உள்ளடைவில் தம் படங்களை வைத்து மாற்றிக்கொண்டனர். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது இவ்வகை மாற்றங்கள் அழியக்கூடும். ஆதலின் மூலப்படங்களைத் தனியே காத்தல் நன்று. அவை சதுரமாகவும், சிறிதாக்கினும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும்.

எத்தகைய ஓவியம் தகும்? உருவம் தீட்டாத கோலவடிவங்களே நம் மரபு. முற்காலத்து இஸ்லாமிய நாடுகளில் தோலட்டைமீது வடிவங்களை அச்சாக அழுத்தி நூல்களைக் கட்டினர். பேரணாம்பட்டோ தோல் பதனிடும் ஊர். ஒரு தோல் துண்டில் கோலத்தை அழுத்திப் படமெடுத்து, அதன்மேல் வகைப்பெயரை அழகுத் தமிழில் எழுதினால் போதும். வகைக்கொரு வண்ணம் வைத்தால் ஊரும் மரபும் ஒருங்கே விளங்கும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. கிராஅத்தைப் பாடலோடு கலத்தல் கூடாது. கலந்தால், திருமறை ஓதல் முடிந்ததும் திரைப்பாடல் ஒலிக்க நேரும். அதனைத் தனிப்பேழையில் வைத்தலே முறை.

முடிவுரை

ஒலிநாடாக்கள் நாள்தோறும் நைந்து வருகின்றன. மாணவச் செல்வங்கள் அவற்றைக் கணினிக்கு மாற்றுங்கால், வீட்டுப் பெரியோரை அருகிருத்திக் கேட்டு வகைப்பெயரை எழுதுவாராக. ஒலியைக் கருவி காக்கும். 'இது கிஸ்ஸா, இது முனாஜாத்து' என்னும் அறிவைக் கருவி தானே காவாது. சொல்லத் தெரிந்தோர் நம்மிடையே வாழும்போதே கேட்டு எழுதிவிடுதல் நம் கடமையாகும்.